பதினொன்று நாற்பது

ரீவா சிவப்புப் பொத்தானை அழுத்திய அதே நேரத்தில் மடியில் கிடந்த போன் அதிர்ந்தது. எதிர்ச்சுவரில் இருந்த ஓட்டுப் பலகையில், ஹேட்லாக் என்ற பெயருக்கு நேரே சிவப்பு விளக்கு எரிந்தது. ஏதோ பாலத்துக்கு நிதி ஒதுக்கும் மசோதா. அறுபது சொச்சம் பச்சைக்கு நடுவில் ஒற்றைச் சிவப்பு. அவையில் ஒருத்தரும் தலையைத் தூக்கவில்லை. அந்தப் பெயருக்கு நேரே சிவப்பு எரிவது இருபத்திரண்டு வருடமாக அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

பெயர் அவளுடையதுதான். ஆனால் பலகையில் இருந்தது அவள் இல்லை, அவளுடைய அப்பா வெர்ல் ஹேட்லாக். அவர் எழுபது மைல் தள்ளி, சர்க்கரைக்கிழங்கு வயலுக்கு நடுவே இருக்கும் வீட்டில், நுரையீரல் முழுக்கப் புற்று வைத்துக்கொண்டு படுத்திருந்தார். உடம்பு முடியாத உறுப்பினர் தனக்குப் பதிலாக ஒருவர் பெயரை எழுதிக் கொடுக்கலாம், அந்த ஆள் அவர் நாற்காலியில் உட்கார்ந்து அவர் ஓட்டைப் போடலாம் என்று அந்த மாநிலத்தில் ஒரு விதி உண்டு. உறுப்பினர் உயிரோடு இருக்கும்வரை செல்லும். கட்சி கொடுத்த மூன்று பெயர்களையும் அடித்துவிட்டு அப்பா மகளின் பெயரை எழுதியிருந்தார். ஆறு வருடமாகச் சரியாகப் பேச்சுவார்த்தை இல்லாத மகள்.

அவளே போய்க் கேட்டாள், ஏன் நான் என்று. "என் கையெழுத்தப் போடத்தான் உனக்கு ஏற்கனவே தெரியுமே," என்றார் அவர். சிரிப்பு இருமலாக மாறி அடங்கக் கால் மணி நேரம் ஆனது.

ரீவா போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள்.

"போயிட்டான்டீ," என்றாள் லாரூ அத்தை. அப்பாவின் அக்கா. குரலில் அழுகை இல்லை. "பதினொன்னு நாப்பது. கடிகாரத்த நிறுத்திட்டேன்."

ஹேட்லாக் வீட்டில் யார் செத்தாலும் முதல் வேலை அதுதான். கண்ணை மூடிவிடுவதற்கும் முன்னால் கூடத்துக் கடிகாரத்தின் ஊசலைப் பிடித்து நிறுத்துவார்கள். அடக்கம் முடிந்து வந்துதான் மறுபடி ஓடவிடுவார்கள். அம்மா போனபோது நாலு நாள் வீட்டில் மணி அடிக்கவில்லை.

ரீவா தாழ்வாரத்துச் சுவரைப் பார்த்தாள். பதினொன்று நாற்பத்தாறு.

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"தண்ணி கேட்டான். குடுத்தேன். இது டவுன் தண்ணியா, கெணத்துத் தண்ணியான்னு கேட்டான்."

ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவரும் திட்டத்தை எதிர்த்தும் அவர் ஓட்டுப் போட்டிருந்தார். குழாய் வந்த பிறகும் வீட்டில் அதைக் குடிக்க மாட்டார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கெணத்துத் தண்ணின்னேன். குடிச்சான்." அத்தை குரலைத் தாழ்த்தினாள். "கெணத்துல மோட்டார் போயி ரெண்டு மாசமாச்சு."

போனை வைத்த பிறகு ரீவா அங்கேயே நின்றாள். அழுகை வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. முந்தாநாள்தான் அவள் கையால் அவர் சாப்பிட்டிருந்தார். தேவாலயச் சபைப் பெண்கள் சாவு வீட்டுக்குக் கொண்டுபோகிற உருளைக்கிழங்கை, பாலாடைக்கட்டி போட்டு மேலே சோள அவல் தூவிச் சுட்டதை, ஆள் போவதற்கு முன்னாலேயே கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர் அதைக் கேட்டு வாங்கி இரண்டு கரண்டி தின்றார். "என் சாவுக்கு உப்புக் கம்மி," என்றார். அதற்கு அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகக் கார் ஓட்டிக்கொண்டு வந்த வழியெல்லாம் தன்மேலேயே கோபப்பட்டாள்.

கோபப்பட அவளுக்கு நியாயம் இருந்தது. வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாநிலம் ஓர் உதவித்தொகை கொடுத்தது. பதினேழு வயதில் ரீவா அந்தப் படிவத்தை மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து நிரப்பினாள். பெற்றோர் படிப்பு என்ற இடத்தில் எட்டாம் வகுப்பு என்று எழுதினாள். பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் அப்பாவின் கையெழுத்தை அவளே போட்டாள். கேட்டிருந்தால் போட்டிருக்க மாட்டார். அரசாங்கத்திடம் கைநீட்டுகிறவன் அரசாங்கத்துக்கு வாயை மூட வேண்டும் என்பது அவர் கொள்கை. அதை அவர் மேடையில் மட்டும் சொல்லவில்லை. வறட்சி நிவாரணத்தை வாங்காமல் இரண்டு வருடம் பட்டினிக்குப் பக்கத்தில் குடும்பத்தை வைத்திருந்தார்.

அந்த உதவித்தொகையை ஒழிக்கும் மசோதாவை வருடா வருடம் கொண்டுவந்தார். பதினெட்டு முறை கொண்டுவந்து பதினெட்டு முறையும் தோற்றார். ரீவா படித்த பல்கலைக்கழகத்தின் சுவர்களில் அவர் முகத்தை ஒட்டி, வாயின் மேல் சிவப்பு மையில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். உங்கள் மகளே வாங்கிப் படிக்கிறாளாமே என்று ஒரு வருடம் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அவையில் கேட்டார். அப்பா எழுந்து நிதானமாகச் சொன்னார்: "ஆமாம், வாங்கினா. என் கையெழுத்த அவளே போட்டு வாங்கினா. உங்க பணம் ஒரு பிள்ளைக்கு மொதல்ல சொல்லிக் குடுத்த பாடம் அதுதான்." மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ரீவாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. தேர்வு எழுதப் போன இடத்தில் காவலுக்கு நின்றவர்கூட அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

பத்தொன்பதாவது முறையாக அந்த மசோதா இன்றைக்குப் பட்டியலில் இருந்தது. பாலம் முடிந்தது, இன்னும் ஒன்று முடிந்தால் அது. அதற்காகத்தான் அவள் ஒன்பது நாளாக இங்கே உட்கார்ந்திருந்தாள். மற்ற மசோதாக்களுக்கெல்லாம் அவர் குறித்துக் கொடுத்தபடியே ஓட்டுப் போட்டாள். இந்த ஒன்றுக்கு மட்டும் அவர் எதுவும் குறிக்கவில்லை. இதுக்கு என்ன என்று கேட்டதற்கு, "நாற்காலிதான் என்னது. விரல் உன்னது," என்றார். அவள் அப்போதே முடிவு செய்துவிட்டாள். ஹேட்லாக் என்ற பெயருக்கு நேரே, அவருடைய மசோதாவுக்கு எதிராக, அவருடைய சிவப்பு. மாநிலம் இருக்கும்வரை பதிவேட்டில் இருக்கும். அந்த ஒரு வினாடிக்காகப் பத்து வருடம் காத்திருந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

இப்போது விரல் இருந்தது, நாற்காலி இல்லை.

"ரீவா கண்ணு."

ஆளுங்கட்சிக் கொறடா டாயல் ப்ரிம்ஹால் தாழ்வாரத்தில் வேகமாக வந்தார். அப்பாவோடு ஒரே சபையில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்கிறவர். அவர்கள் வீட்டு மேசையில் எத்தனையோ முறை சாப்பிட்டவர். அவளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது. அதை ரீவா பிறகும் மறுக்கவில்லை.

"லாரூகிட்ட இப்பத்தான் பேசினேன். வெர்ல் மாதிரி ஒருத்தன் இனி பொறக்கப் போறதில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உக்காந்து அழறதுக்குக்கூட நமக்கு நேரம் இல்ல கண்ணு. கணக்குத் தெரியும்ல. நம்ம பக்கம் முப்பத்தஞ்சு, அவங்க முப்பத்து நாலு. அந்த முப்பத்தஞ்சுல நீ ஒண்ணு. நீ இல்லன்னா சமம். சமம்னா தோத்தோம்."

"பிரதர், அவர் செத்துட்டார்."

"யாரு இல்லன்னா? ஆனா இன்னும் யாருக்கும் தெரியாதே. உனக்கு, எனக்கு, லாரூவுக்கு. சாவப் பதிவு பண்ற பொம்பள இன்னும் வீட்டுக்கே போகல. ஒருத்தர் எத்தன மணிக்குப் போனார்ங்கறது கூட இருந்தவங்க சொல்றதுதான். பன்னண்டரைன்னு வச்சுக்குவோம். அம்பது நிமிஷம் ஒரு கணக்கா? வீட்டுப் பக்கத்த நான் பாத்துக்கறேன். நீ உள்ள போயி பச்சைய மட்டும் அழுத்து. பத்தொம்பது வருஷத்துக் கனவு அவனுக்கு."

அவள் பச்சையை அழுத்துவாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. செத்த அப்பாவுக்காக மகள் அதைக்கூடச் செய்ய மாட்டாளா என்ன. ரீவா அவர் முகத்தையே பார்த்தாள். கடிகாரத்தின் மேல் கோட்டு மாட்டுகிற முகம்.

அது பழைய கதை. கூட்டத்தொடரின் கடைசி நாள் நண்பகலுக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்பது சட்டம். முடியாதபோது யாராவது ஒருவர் எழுந்துபோய்த் தன் கோட்டைக் கழற்றி அவைக் கடிகாரத்தின் மேல் தொங்கவிடுவார். கோட்டு தொங்கும்வரை மணி பன்னிரண்டு ஆவதில்லை. சாயங்காலம்வரை ஓட்டுப் போட்டுவிட்டுக் கோட்டை எடுத்தால், பதிவேட்டில் எல்லாமே பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு நடந்ததாக இருக்கும். இரு கட்சிக்கும் வசதியான ஏற்பாடு. ஒரு வருடம் ப்ரிம்ஹால் தன் கோட்டை மாட்டினார். வெர்ல் ஹேட்லாக் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், அதன்மேல் ஏறி, கோட்டைப் பிடுங்கிக் கீழே எறிந்தார். மணி பன்னிரண்டு பத்து. அவருடைய சொந்த ஊர்ச் சாலைக்கான மசோதாவும் அதோடு போயிற்று. அவை மொத்தமும் கத்தியது. இறங்கும்போது நாற்காலி ஆடியது. சுற்றிலும் நாற்பது பேர் நின்றிருந்தார்கள், ஒருத்தரும் பிடிக்கவில்லை. விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்து, கோணலாகவே கூடிவிட்டது. அந்தக் கோணல் கையால்தான் அவர் கடைசிவரை சிவப்பை அழுத்தினார்.

உள்ளே மணி அடித்தது. ரீவா போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். ப்ரிம்ஹால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

எழுத்தர் மசோதாவைப் படித்தார். அதைக் கொண்டுவந்தவர் பெயரைப் படிக்கும்போது மேல்மாடத்தில் நின்ற மாணவர்கள் முனகினார்கள். பலகையில் பெயர்கள் இருட்டாக இருந்தன. மேசையில் இரண்டு பொத்தான்கள். பச்சை அழுத்தினால் அப்பா பன்னிரண்டரைவரை உயிரோடு இருந்தார். சிவப்பு அழுத்தினாலும் அப்படித்தான். அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் சிவப்புக்கும் அதே கோட்டுத்தான் வேண்டும். அவருடைய பெயரில் ஒரு பொய்யை அவள் ஏற்கனவே எழுதியிருக்கிறாள். அதில் படித்தாள், பட்டம் வாங்கினாள், அதற்காக இன்றுவரை வெட்கப்படவில்லை. ஆனால் அன்றைக்கு அவரால் அவையில் எழுந்து பதில் சொல்ல முடிந்தது. இன்றைக்கு எழுந்து சொல்ல ஆள் இல்லை.

சபாநாயகர் ஓட்டைத் திறந்தார். பலகை பச்சையும் சிவப்புமாக நிரம்பியது. ஒரு பெயர் மட்டும் இருட்டாக இருந்தது. தலைகள் திரும்பின. ப்ரிம்ஹால் பக்கத்து வரிசையிலிருந்து கண்ணாலேயே பச்சையைக் காட்டினார்.

ரீவா எழுந்தாள். "ஒழுங்குப் பிரச்சினை."

"சொல்லுங்க," என்றார் சபாநாயகர்.

"இப்ப மணி பன்னண்டு ஏழு. உறுப்பினர் வெர்ல் ஹேட்லாக் பதினொன்னு நாப்பதுக்கு இறந்துட்டார். இந்த நாற்காலி காலி. அதுக்கப்புறம் இங்கேருந்து விழுந்த ஓட்டு எதுவும் செல்லாது. பாலத்துக்கு நான் போட்ட ஓட்டையும் அழிச்சிடுங்க."

மைக்கை அணைத்தாள். அப்பாவின் பேனாவையும் மதியச் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு, நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு நடந்தாள். அவள் கதவை எட்டுவதற்குள் முப்பத்து நாலுக்கு முப்பத்து நாலு என்று படித்தார்கள். மேல்மாடத்தில் கைதட்டல் எழுந்தது. அவரைச் சுவரில் ஒட்டியவர்களின் தம்பி தங்கைகள். ரீவா நின்று மேலே பார்த்த பார்வையில் முன்வரிசை கையை இறக்கிக்கொண்டது. இந்தப் பக்க வரிசையிலிருந்து யாரோ அவள் காதில் விழட்டும் என்றே சொன்னார்கள்: "பொணம் சூடா இருக்கும்போதே கழுத்தறுத்துட்டா பாரு."

வழியெல்லாம் வயல்களில் பழைய பனி திட்டுத் திட்டாகக் கிடந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டை அடைந்தபோது, இறப்பைப் பதிவுசெய்ய மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த பெண் வாசலில் காலணியின் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒன்றாகவே உள்ளே போனார்கள்.

கூடத்தில்தான் அப்பாவின் கட்டில். போர்வையைக் கழுத்துவரை இழுத்து, தலைமுடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரி வைத்திருந்தாள் அத்தை. உயிரோடு இருக்கும்போது அவர் அப்படி வாரிக்கொண்டதே இல்லை. கோணல் மணிக்கட்டு போர்வைக்கு வெளியே இருந்தது. ரீவா அதைத் தொட்டாள். ஜன்னல் கண்ணாடிபோல் குளிர்ந்திருந்தது.

வந்தவள் கையிலிருந்த எழுதுபலகையில் படிவத்தைச் செருகிக்கொண்டு, பெயர், வயது, நோய் எல்லாம் கேட்டு எழுதினாள். "நேரம்?"

அத்தை தலையால் சுவரைக் காட்டினாள்.

கடிகாரம் நின்றிருந்தது. பன்னிரண்டரையில்.

"பதினொன்னு நாப்பது," என்றாள் ரீவா.

"வீட்ல இருந்தவ நான்," என்றாள் அத்தை.

"பதினொன்னு நாப்பத்தாறுக்கு நீங்கதான் எனக்குப் போன் பண்ணீங்க. போயிட்டான்னு சொன்னீங்க."

"போற மாதிரி இருக்குன்னு சொன்னேன். நீதான் அவசரப்பட்ட."

வந்தவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பேனாவை மூடினாள். வண்டியிலிருந்து ஒரு தாள் எடுக்க வேண்டும், அதற்குள் பேசி ஒரு நேரம் சொல்லுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

"டாயல் கேட்டதும் முள்ளத் திருப்பிட்டீங்க," என்றாள் ரீவா.

"திருப்பினேன். இப்ப என்னங்கற?" அத்தை கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். "பத்தொம்பது வருஷம்டீ. ஊரு சிரிச்சுது, கட்சி சிரிச்சுது, நீ படிச்ச எடத்துல அவன் மூஞ்சில மை பூசினாங்க. ஒரே ஒரு தடவ ஜெயிச்சிட்டுப் போயிருப்பான். அரை மணி நேரம் பொறுத்துக்க முடியல ஒனக்கு. உன் பழியத் தீத்துக்கிட்ட."

"அப்பா ஜெயிச்சிருக்க மாட்டார். டாயல் ஜெயிச்சிருப்பார்."

"ஒனக்கு வேணுங்கறது நடந்துச்சுல்ல. மசோதா செத்துச்சு."

"எனக்கு வேணுங்கறது நடக்கல அத்தை." அவள் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "எனக்கு சிவப்பு வேணும். அவர் பேருக்கு நேரா, அவர் மூஞ்சிக்கு நேரா, நான் போட்ட சிவப்பு. அவர் தோத்தார்னு இல்ல, நான் தோக்கடிச்சேன்னு எழுதணும். அதுக்குத்தான் ஒம்பது நாளா அங்க உக்காந்திருந்தேன். அவர் செஞ்சது சரின்னு இன்னிக்கும் நான் சொல்லல. நாளைக்கு அடக்கத்துல கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஆனா அவர் செத்தது பதினொன்னு நாப்பது."

அத்தை போர்வையின் ஓரத்தை இழுத்துச் செருகினாள். பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள். அடுப்புக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. உருளைக்கிழங்கைச் சூடு பண்ணுகிறாள்.

ரீவா மேசையடியிலிருந்து அப்பாவின் நாற்காலியை இழுத்தாள். அதற்கு ஒரு கால் குட்டை. சுவரோரம் போட்டு ஏறினாள். கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்து பெரிய முள்ளில் விரல் வைத்தாள்.

"பின்னாடி திருப்பாத," என்றாள் அத்தை உள்ளேயிருந்து. "அடிக்கற சக்கரம் ஒடஞ்சிரும்."

"தெரியும்."

அப்பாதான் சொல்லிக் கொடுத்திருந்தார். மணி அடிக்கிற கடிகாரத்தைப் பின்னால் திருப்பக் கூடாது. ஐம்பது நிமிடம் பின்னே போக வேண்டுமானால் பதினோரு மணி நேரமும் பத்து நிமிடமும் முன்னே போக வேண்டும். ஒவ்வொரு மணியிலும் நின்று, அது அடித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் கணக்குத் தப்பிவிடும்.

முள்ளை மேலே கொண்டுவந்தாள். ஒன்று அடித்தது. சாவு வீட்டில் கேட்கக் கூடாத சத்தம். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. மறுபடி சுற்றினாள். இரண்டு. மூன்று. வாசலில் கார்க் கதவு சாத்தும் ஓசை கேட்டது. பலகையோடு உள்ளே வந்த பெண் கதவருகிலேயே நின்றுவிட்டாள். நாலு. ஐந்து. கை மேலேயே இருந்ததில் தோள் வலித்தது. ஆறு அடித்தபோது நாற்காலி ஆடத் தொடங்கியது. ஏழில் குட்டைக் கால் பக்கமாகச் சாய்ந்தது. ரீவா சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு முள்ளை விடாமல் சுற்றினாள். கீழே பார்க்கவில்லை. எட்டு நிதானமாக அடித்து முடிந்தது.

ஒன்பது அடித்துக்கொண்டிருந்தபோது நாற்காலி ஆடுவது நின்றது. வெண்ணெய் மணமும் அடுப்புச் சூடும் அவள் முழங்காலுக்கு அருகே வந்திருந்தன. நாற்காலியின் முதுகை இரண்டு கைகள் இறுக்கிப் பிடித்திருந்தன.

ரீவா திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு மணி மிச்சம் இருந்தது.